பாதையும் பாலமும்

அண்மையில் தரம் 8 பிள்ளைகளிடம் வரலாற்றுப் பாடத்தின் நடுவே, "பாதை என்றால் என்ன?" என்று கேட்டேன். "றோட்டு, சேர்" என்றார்கள். பிழையில்லை. ஆனால் கிண்ணியாவில் எங்கள் காலத்தில் பாதை என்றால் துறையடியில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.

திருகோணமலைத் துறைமுகத்தை 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1927இல் புகையிரதம் வந்தது. சீனக்குடாவில் அவர்கள் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு வீசின. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பேரரசுகள் போட்டியிட்ட இத்துறைமுகத்தின் அயலில் இருந்தும், எமக்கு நகரம் என்பது 2009 வரை தண்ணீருக்கு அப்பால்தான் இருந்தது.

பாதைக்காகக் காத்திருக்கும் வேளையில் ஊர் கூடும். விதைநெல் விலை, கடலின் நிலை, கலியாணப் பேச்சு, மௌத்துச் செய்தி எல்லாம் அங்கேதான் கைமாறின. நெல் மூட்டைக்காரரும் கந்தோர் உத்தியோகத்தரும் ஒரே பலகையில் நின்றார்கள். ஆசிரியர் கலாசாலைக்குப் புறப்பட்ட அன்று, வாப்பாவின் கூட்டாளிகள் என்னை வழியனுப்பியதும் அந்தத் துறையடியில்தான்.

2009 ஒக்டோபர் 20இல் சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் கட்டப்பட்ட பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அப்போது நாட்டிலேயே மிக நீண்ட பாலம் அதுவே. பாலத்தின் வழியே நகரம் எங்களிடம் வந்துவிட்டது. கடைகள் பெருகின. வயல்காணிகள் வீட்டு வளவுகளாயின, வேலிகள் மதில்களாயின. தலைக்கவசம் அணிந்து விரைபவர் யாரென்று தெரியாமல் சலாம் சொல்லவும் முடிவதில்லை. இவற்றையெல்லாம் எண்ணி, பாதைக் காலமே நற்காலம் என்று கூட்டங்களில் நானும் பேசியதுண்டு.

2021 நவம்பர் 23க்குப் பின் அப்படிப் பேச எனக்கு நா எழவில்லை. அன்று காலை, புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில், அதற்குப் பதிலாக ஓடிய மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர். பெரிய பாலம் திறந்து 12 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே கிண்ணியாவில், பிள்ளைகள் இன்னும் மிதவையை நம்பியே பள்ளிக்கூடம் போனார்கள்.

இப்போது எனக்கு ஒன்று புரிகிறது. நான் இழந்தது பாதையை அல்ல, கூடியிருந்து பேசிய பொழுதை. அதைத் திண்ணையிலும் வாசிகசாலையிலும் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளலாம். தண்ணீரில் போன பிள்ளைகளை எங்கிருந்து மீட்பது? நகரம் வரட்டும். ஆனால் துறைமுகத்துக்கு ஒரு காலமும் குறிஞ்சாக்கேணிக்கு ஒரு காலமுமாக வரவேண்டாம்.

அடுத்த பாடத்தில் பாதையின் மற்றப் பொருளையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். குறிஞ்சாக்கேணியையும் சேர்த்தே சொன்னேன்.