ஒரு வர்த்தமானியை யார் நிறுத்தலாம்?

 

உயர்தர அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

2025 ஜனவரி 20 ஆம் திகதி டொனால்ட் ட்ரம்ப் பதவியேற்ற அன்றே கட்டுக்கட்டாக ஆணைகளில் கையெழுத்திட்டதைப் பிள்ளைகள் ஃபோனில் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று பிறப்பால் வரும் குடியுரிமையைப் பற்றியது. அமெரிக்க மண்ணில் பிறந்தாலும், தாய் தந்தையின் விசா நிலையைப் பொறுத்துச் சில பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்றது அந்த ஆணை. மூன்றாம் நாளே சியாட்டில் நகரில் ஒரு நீதிபதி அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார். அதற்குப் பிறகும் வழக்கு பல படிகள் ஏறியது.

வகுப்பில் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஒரு ஆள் கையெழுத்துப் போட்டால் நடந்திருமா சேர்?"

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா வரைக்கும் போகத் தேவையில்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழும் நமக்கு நம் வீட்டுக் கதையிலேயே விடை இருக்கிறது.

முதலில் பெயர். "நிறைவேற்று ஆணை" என்று தனியாக ஒரு கடதாசி நம் அரசியலமைப்பில் இல்லை. நம் ஊரில் அதற்குப் பெயர் வர்த்தமானி. ஜனாதிபதி செய்யும் பிரகடனமும் அதில்தான் வரும், ஒரு சட்டத்தின் கீழ் அமைச்சர் ஆக்கும் ஒழுங்குவிதியும் அதில்தான் வரும். "வர்த்தமானி அடிச்சாச்சு" என்று சனங்கள் பேசிக்கொள்வது இதைத்தான்.

1978 பெப்ரவரி 4 இல் ஜே.ஆர். ஜயவர்தன முதலாவது நிறைவேற்று அதிகார ஜனாதிபதியானார். அதே ஆண்டு செப்டெம்பர் 7 இல் இன்றைய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து அந்தக் கதிரையின் பலம் கூடிக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2001 இல் 17 ஆவது திருத்தம் குறைத்தது, 2010 இல் 18 ஆவது கூட்டியது, 2015 இல் 19 ஆவது குறைத்தது, 2020 இல் 20 ஆவது கூட்டியது, 2022 இல் 21 ஆவது மறுபடி ஓரளவு குறைத்தது. இந்த வரிசையைப் பிள்ளைகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அதைவிட, ஒவ்வொன்றும் யாருக்கு என்ன செய்தது என்று பார்த்தால் மறக்கவே மறக்காது.

2018 ஐ எடுப்போம். ஒக்டோபர் 26 இரவு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மஹிந்த ராஜபக்ஷவை நியமித்தார். பாராளுமன்றத்தில் பெரும்பான்மை கூடிவரவில்லை. நவம்பர் 9 இரவு பாராளுமன்றத்தைக் கலைத்து வர்த்தமானி வெளியானது. ஆனால் 19 ஆவது திருத்தம் தெளிவாகச் சொல்லியிருந்தது: நாலரை ஆண்டு முடியுமுன் கலைப்பதென்றால், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும். அந்தப் பாராளுமன்றத்துக்கு நாலு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

இரா. சம்பந்தன், ரவூப் ஹக்கீம், மனோ கணேசன் போன்றவர்கள் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார்கள். தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினர் ஒருவரே மனுதாரராக நின்றார். நவம்பர் 13 இல் இடைக்காலத் தடை வந்தது. டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில், கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். அந்த ஏழு கிழமையில் நாட்டின் தலைவர் ஒருவரின் கையெழுத்து சட்டத்தின் முன் நின்று தோற்றது. அந்த மனுதாரர்களின் வரிசையில் வடகிழக்குத் தமிழர், முஸ்லிம், மலையகத்தார் எல்லாரும் இருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இத்தோடு பாடத்தை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். "நீதிமன்றம் காப்பாற்றும்" என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடலாம். அப்படி முடிக்க நம்மால் முடியாது.

2020 ஏப்ரல் 11 இல் இன்னொரு வர்த்தமானி வந்தது. கொரோனாவால் இறந்தவர்களின் உடலை எரித்தே ஆகவேண்டும் என்று, தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சர் ஆக்கிய ஒழுங்குவிதி. அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. மனுக்கள் உயர் நீதிமன்றம் போயின. அதே ஆண்டு டிசம்பர் 1 இல், விசாரணைக்கு எடுக்காமலே பெரும்பான்மைத் தீர்ப்பால் அவை தள்ளுபடியாகின. அந்த வர்த்தமானி மாறியது 2021 பெப்ரவரி 25 இல். இடையில் உள்நாட்டில் எழுந்த குரலும், வெளிநாடுகளின் அழுத்தமும் இருந்தன. மார்ச்சில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்படத் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது, எரிந்தது திரும்பி வரவில்லை.

2021 மே 6. இது தோட்டத்தின் கதை. இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதியைத் தடை செய்து வர்த்தமானி வந்தது. 1969 ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமைச்சருக்குக் கொடுத்த அதிகாரம் அது. இந்த வகை ஒழுங்குவிதி வெளியான உடனே நடைமுறைக்கு வந்துவிடும். பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்குப் போவது அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கைப் பிள்ளைகள் நன்றாகக் கவனிக்க வேண்டும்: முதலில் நடக்கும், பிறகு கேட்பார்கள்.

தேயிலைச் செடியில் நாம் பறிப்பது தளிரை. பறிக்கப் பறிக்க மண்ணின் சத்து கொழுந்தோடு வெளியே போகிறது, அதைத் திருப்பிக் கொடுப்பது பசளை. பசளை நின்றால் அடுத்த நாளே செடி சாகாது. மெதுவாகக் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நாளுக்குரிய கிலோ வராது, கிலோ வராவிட்டால் அரைப் பேர். இந்தக் கணக்கு ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அம்மா மலையிலிருந்து இறங்கி வரும்போது முகத்திலேயே தெரியும். தடை 2021 நவம்பரில் நீங்கியது. 2021 இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் சுமார் 251 மில்லியனுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்து அடித்தது உண்மை. ஆனாலும் பசளை இல்லாமல் போன மாதங்களின் கணக்கு அதில் இருக்கிறது. சம்பளம் குறைந்தால் ஹட்டன் டவுனில் கடையும் படுக்கும், கடன் கொப்பி தடிக்கும். லயத்துப் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படிப்பதால், இரண்டு வீட்டு நட்டமும் ஒரே வகுப்புக்குள் வந்து சேர்ந்தது.

பொருளாதாரத்தைக் குப்புற விழுத்திய முடிவுகளுக்காக அன்றைய தலைவர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14 இல் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்பு. ஆனால் விழுந்து முடிந்த பிறகு வந்த தீர்ப்பு.

பாராளுமன்றமும் ஒரு தடுப்புத்தான். 2022 ஏப்ரல் 1 இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். அப்படியான பிரகடனம் 14 நாட்களுக்குள் பாராளுமன்றத்தில் அங்கீகாரம் பெற வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். ஏப்ரல் 5 இல் 40 க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அரசாங்கத் தரப்பிலிருந்து விலகினார்கள். அன்றிரவே பிரகடனம் மீளப் பெறப்பட்டது. சண்டை இல்லை, வழக்கு இல்லை. எண்ணிக்கை போதாது, அவ்வளவுதான்.

இனி, பிள்ளைகள் மிகவும் கோபப்படும் இடம். 2024 மே தினத்தில் கொட்டகலையில் வைத்து, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1700 ரூபா என்று ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. சட்டம் கேட்கும் நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பது அவர்களின் வாதம். ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் 1350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று முடிந்தது.

"2018 இல் நிறுத்தினது சரி, எங்க சம்பளத்த நிறுத்தினது எப்படிச் சரி?" இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. 1700 நியாயமான தொகையா என்பது ஒரு கேள்வி. அதை எந்த வழியால் கொடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. தேர்தல் வருடத்தில் மேடையில் அறிவிக்கும் சம்பளம் கைதட்டலைத் தரும். சம்பள நிர்ணயச் சபையில் உட்கார்ந்து, மறுக்க முடியாத கணக்கோடு பேசி வாங்கும் சம்பளம்தான் வழக்கிலும் நிற்கும். நடைமுறை ஓட்டையாக இருந்தால் அந்த ஓட்டையால் முதலில் விழுவது தொழிலாளியின் கூலிதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் மலையகத்தின் மிகப் பெரிய காயத்தை நாம் இன்னும் தொடவில்லை. அதை எந்த ஜனாதிபதியும் செய்யவில்லை. அப்போது அந்தப் பதவியே இல்லை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். அடுத்த ஆண்டே பாராளுமன்றம் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது சட்டம். அமெரிக்க ஆணையை இப்போது நினைத்துப் பாருங்கள். 1949 இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றது. சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வழக்கும் போட்டார்கள். கோடக்கன் பிள்ளை என்ற ஒரு வாக்காளரின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953 இல் தோற்றது. சட்டத்தின் எழுத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் சொல்லிப் பாகுபாடு காட்டப்படவில்லை என்பதுதான் சாரம். 1964 ஒக்டோபர் 30 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மலையகத்திலிருந்து மறுபடி ஒரு தொண்டமான் தேர்தலில் வென்று உள்ளே போக 1977 ஆனது. நாடற்ற நிலையை முடிக்கும் சட்டங்கள் 1988 இலும் 2003 இலும் வந்தன. ஐம்பத்தைந்து வருடம்.

ஆகவே, "ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தால் எல்லாம் சரி" என்று நாம் படிப்பிப்பதில்லை. 1948 இல் அதிகாரம் பாராளுமன்றத்தின் கையில் இருந்தது, சட்டம் முறைப்படி நிறைவேறியது, நீதிமன்றமும் பார்த்தது. மூன்று தூணும் நின்றன, கூரை மட்டும் நம் தலைமேல் விழுந்தது. இன்னொன்று: இன்றைய அரசியலமைப்பில், சட்டமூலமாக இருக்கும்போது மட்டும்தான் ஒரு சட்டத்தை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். சபாநாயகர் சான்றுரைத்த பின் எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது. வர்த்தமானியைப் பிறகும் எதிர்க்கலாம். சட்டத்தை முடியாது.

அதனால் பிள்ளைகளே, ஒரு வர்த்தமானி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இது வருகிறது? அந்தக் கடதாசியிலேயே எழுதியிருக்கும்.

இரண்டு, இதை யார் நிறுத்தலாம், எத்தனை நாளுக்குள்? அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். "பிறகு பார்ப்போம்" என்றால் கதவு மூடிவிடும்.

மூன்று, இது யார் வயிற்றைத் தொடுகிறது, அவர்களைக் கேட்டார்களா? பசளைத் தடையில் கொழுந்து பறிப்பவரைக் கேட்கவில்லை. எரிக்கும் ஒழுங்குவிதியில் ஜனாஸாவின் வீட்டாரைக் கேட்கவில்லை. 1948 இல் கேட்டிருக்க வேண்டியவர்களின் வாக்கையே பறித்தார்கள்.

வர்த்தமானி மூன்று மொழியிலும் வெளியாகிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்ப் பிரதி இருக்கிறது, வாசிக்கத்தான் ஆளில்லை. நம் பாட்டன்மாருக்கு வாக்கும் இல்லை, வாசிக்கப் பள்ளிக்கூடமும் சரியாக இல்லை. இன்றைய பிள்ளைக்கு இரண்டும் இருக்கின்றன. பதினெட்டு நிரம்பிய பிள்ளைகள் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள். அந்தப் பெயருக்காக மலையகம் காத்திருந்த வருடங்களை மேலே எண்ணிக் காட்டியிருக்கிறோம்.