பிளேக் வந்த ஊரில் எட்டாம் வகுப்பு

சமூகப் பிரச்சினை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் காரணம் ஐந்து, தீர்வு ஐந்து. மனப்பாடம் செய்து அப்படியே கக்கிவிடுவார்கள். 'மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்று எழுதினால் எந்தக் கேள்விக்கும் அரை மார்க்காவது தேறும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். பெங்களூருவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்தும் நான், அதனால் இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் தொடங்குவதில்லை. 1898-இல் தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹுப்ளிப் பக்கமிருந்து ரயிலேறி வந்தது பிளேக். அப்போது பெங்களூரு ஒரே ஊர் இல்லை. பழைய ஊரான பேட்டை மைசூர் அரசின் கையில். தண்டு எனும் ராணுவக் குடியிருப்பு வெள்ளைக்காரன் கையில். 1809-இல் தண்டு அமைந்தபோது மதராஸ் பட்டாளத்தின் பின்னாலேயே வந்து அல்சூரிலும் பிளாக்பள்ளியிலும் குடியேறியவர்கள்தான் என் மாணவர்கள் பலரின் முன்னோர். பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர். ஒட்டி ஒட்டி வீடு, ஒரே கூரைக்குள் பல குடும்பம்; எலிக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆனால் எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்பதை அன்று யாரும் ஏற்கவில்லை. கிருமியை 1894-லேயே ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்திருந்தார். அது எப்படிப் பரவுகிறது என்பதில்தான் குழப்பம். அதனால் அதிகாரிகள் வீட்டுக்குள் மருந்து தெளித்தார்கள், வெயில் விழட்டும் என்று ஓட்டைப் பிரித்தார்கள், ஆட்களை ஊருக்கு வெளியே கொட்டகையில் வைத்தார்கள். புனேயில் இதே கெடுபிடி தாங்காமல்தான் 1897-இல் பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, போர்டில் இரண்டு எண்கள் எழுதுவேன். 1891 கணக்கெடுப்பில் பேட்டையும் தண்டும் சேர்ந்து சுமார் 1,80,000 பேர். 1901-இல் சுமார் 1,59,000. இடைவெளி 21 ஆயிரம். உடனே முன் பெஞ்சிலிருந்து வரும்: "அத்தனை பேரும் செத்துட்டாங்களா, மிஸ்?" நான் பதில் சொல்லமாட்டேன். பின்னாலிருந்து யாராவது, "ஓடிப் போயிருப்பாங்க மிஸ், கொரோனா டைம்ல எங்க மாமா ஊருக்குப் போய்ட்டாருல்ல" என்பார்கள். செத்தவர்கள் எத்தனை, ஓடியவர்கள் எத்தனை, ஓடுவதற்கு யாருக்குச் சொந்த ஊர் இருந்தது, யாருக்கு இல்லை என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். எனக்கு அது போதும்.

பிறகுதான் தீர்வு. ஊரை வார்டுகளாகப் பிரித்தார்கள், சுகாதார அதிகாரி வந்தார், பிளேக் வேலைக்காகவே டெலிபோன் கம்பி இழுத்தார்கள். 1900-இல் கர்சன் பிரபு விக்டோரியா ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்தார். நெரிசலைக் குறைக்க மல்லேஸ்வரமும் பசவனகுடியும் எழுந்தன. இவற்றுக்கான திட்டம் பிளேக்குக்கு முன்பே உண்டு; வேகம் கொடுத்தது நோய். தண்டுப் பக்கம் 1910-இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்டூவர்ட் ஃப்ரேசர் பெயரில், எலி புகாத வீடுகள் என்ற கணக்கில் ஃப்ரேசர் டவுன் வந்தது. மக்கள் தங்கள் பங்குக்குப் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். கோயம்புத்தூரிலும் அதே பெயரில் அம்மன் உண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள். மருந்து இல்லாத ஊரில் வேறு யாரிடம் போவார்கள் என்று கேட்டால் சிரிப்பு அடங்கும்.

அகலமான தெரு, காற்றோட்டம், மரம். நல்ல தீர்வுதான். ஆனால் மனை வாங்கக் காசு வேண்டும். புதுப் பேட்டைகளிலும் சாதி பார்த்தே மனை பிரித்தார்கள். நெரிசலில் அதிகம் பலிகொடுத்தவன் பெரும்பாலும் பழைய சந்திலேயே கிடந்தான். பாடப் புத்தகத்தில் 'தீர்வு' என்று தலைப்பிட்டால் அது யாருடைய தீர்வு என்று பிள்ளைகள் கேட்கவேண்டும். இத்தனை வருடமாக நான் நடத்துவது உண்மையில் இந்த ஒரு கேள்வியைத்தான்.

அதற்காகவே அவர்களை மல்லேஸ்வரத்துக்குக் கூட்டிப்போவேன். பெரிய வீடுகளின் முதுகுப்புறம், இரண்டு வரிசை மதில்களுக்கு நடுவே ஒரு சந்து ஓடும். ஸ்கூட்டர் போகும், கார் போகாது. கன்சர்வன்சி லேன் என்பார்கள். ஒரு பழைய சுவரில் முழங்கால் உயரத்துக்கும் கீழே ஒரு சின்னச் சதுரம், செங்கல் வைத்து அடைத்தது. அதன் வழியாகத்தான் கக்கூஸ் வாளியை வெளியே இழுப்பார்கள். வாளியை எடுத்தவர் வாசல் பக்கம் வந்து யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காக ஒரு தெருவையே கட்டியிருக்கிறார்கள். சுகாதாரத்துக்கான திட்டத்திலேயே அதுவும் வரையப்பட்டிருந்தது. பிள்ளைகள் அந்தச் சதுரத்தைக் குனிந்து பார்ப்பார்கள், யாராவது கையை வைத்து அளப்பார்கள்.

1970-களில் முதல்வர் தேவராஜ் அர்ஸ் ஆட்சியில் அமைச்சராக இருந்த பி. பசவலிங்கப்பா, மலத்தைத் தலையில் சுமக்கும் வழக்கத்தைக் கர்நாடகத்தில் தடைசெய்தார். நாடாளுமன்றச் சட்டம் 1993-இல். அதை இன்னும் இறுக்கி 2013-இல் மற்றொன்று. இந்த வழக்கத்தை ஒழிக்கவே போராடி 2016-இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன், இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்துக் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தங்கவயலில் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளைகள் எங்கள் வகுப்பில் எப்போதும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்வார்கள்.

அன்று வகுப்பில் யார் வீட்டில் என்ன வேலை என்று மட்டும் நான் கேட்பதில்லை. காலையில் தெரு கூட்டிவிட்டு வருகிற அம்மாக்களின் பிள்ளைகள் இருப்பார்கள். சொல்வதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வீட்டுப் பாடமாக மூன்று கேள்விகள் மட்டும் தருவேன்: அந்தச் சந்தினை இன்று யார் கூட்டுகிறார்கள், சம்பளம் மாதாமாதம் வருகிறதா, கையுறை யார் வாங்கித் தருகிறார்கள்? 'விழிப்புணர்வு' என்று எழுதினால் மார்க் கிடையாது.