1914ஆம் ஆண்டின் நத்தார்ப் பெட்டி

முதலாம் உலகப் போரின் முதல் நத்தாரின்போது பிரித்தானியப் படையினர்க்குக் கிடைத்த பரிசுகளுள் இன்றும் பேசப்படுவது ஒரு சிறிய பித்தளைப் பெட்டியாகும். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் மகள் மேரி அப்பொழுது பதினேழு வயதினர். கடலிலும் களத்திலும் நின்ற ஒவ்வொருவர்க்கும் தம் சொந்தப் பணத்திலேயே பரிசனுப்ப அவர் விழைந்தார். அது நடைமுறைக்கு ஒவ்வாது எனக் கருதப்பட்டமையால், அவர் பெயரால் பொதுநிதியொன்று திரட்டப்பட்டது. 1914 ஒக்டோபரில் விடுக்கப்பட்ட வேண்டுகோளுக்கு இணங்கி மக்கள் அளித்த தொகை 162,591 பவுணாகும்.

பெட்டி ஐந்து அங்குல நீளமானது. மூடியின் நடுவே இளவரசியின் முகமும், விளிம்பைச் சுற்றி நேச நாடுகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. புகைபிடிப்போர்க்கு ஒரு அவுன்ஸ் புகையிலை, இருபது சிகரெட்டுகள், சுங்கான், தீமூட்டி என்பனவும், புகைபிடியாதார்க்கு இனிப்பு வில்லைகளும் எழுதுதாளும் பென்சிலும் அளிக்கப்பட்டன. மகிழ்வான நத்தாரையும் வெற்றிமிக்க புத்தாண்டையும் வாழ்த்தும் அட்டையொன்றும் உடன் சென்றது.

இந்தியப் படையினர்க்கான பரிசைப் பற்றிய ஏற்பாடே இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கற்பாலது. அவ்வாண்டு மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் வந்திறங்கிய இந்தியப் படைப்பிரிவுகள், நத்தாருக்குச் சில நாட்களின் முன்னர்தான் கிவென்சி அருகே பெரும் இழப்பை அடைந்திருந்தன. கிறித்தவரல்லாத அவ்வீரர்க்குக் கிறித்தவப் பெருநாளின் பரிசாக எதனை அனுப்புவது? கூர்க்கா வீரர்க்குப் பிரித்தானியர்க்குரிய பரிசே ஒதுக்கப்பட்டது. புகையிலையை விலக்கிய சமயத்தினராகிய சீக்கியர்க்கு அதனை அனுப்புவது பரிசன்று, அவமதிப்பாகும். ஆதலின் அவர்க்குக் கற்கண்டும், வாசனைத் திரவியங்கள் அடங்கிய தகரப் பேழையும் கொடுக்கப்பட்டன. ஏனைய இந்தியர்க்கு இவற்றோடு சிகரெட்டும் சேர்ந்தது. பிளாண்டர்சின் குளிரிலும் சேற்றிலும் கிடந்தவனுக்கு ஊர்ச் சமையலின் மணம் எத்தகைய பரிசாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சமயத்தை இத்துணை நுட்பமாக அறிந்திருந்த அதே ஏற்பாடு, தரத்தையும் மறக்கவில்லை. நீர் சுமப்போர் முதலாய படைப் பணியாளர்க்கு வாசனைத் திரவியத் தகரமும் வாழ்த்து அட்டையும் மட்டுமே விதிக்கப்பட்டன. பித்தளைப் பெட்டி அவர்க்கில்லை. தண்ணீர் கொண்டு சென்றவனும் எறிகணைகளின் கீழேதான் நடந்தான். பெட்டியைப் பெற்றவனைவிட அவன் நனைந்ததோ நடுங்கியதோ குறைவன்று. எல்லோர்க்கும் என எழுந்த அன்பு, அலுவலகத்துப் பட்டியலைக் கடந்து வரும்பொழுது இவ்வாறு சுருங்கிவிட்டது.

காலமும் ஒரு தடையாயிற்று. நத்தார் நாளுக்குள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் சேர்ப்பிக்கப்பட்டமை பெருஞ்சாதனையே. ஆயினும் எஞ்சியோர் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. எறிகணைகளுக்கும் தோட்டாக்களுக்கும் பித்தளை வேண்டியிருந்ததால் பெட்டிகளுக்கு அது அரிதாயிற்று. அமெரிக்காவில் வாங்கப்பட்ட பித்தளையின் ஒரு பகுதி, 1915 மே 7ஆந் திகதி ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்குண்ட லூசித்தேனியாவுடன் அயர்லாந்துக் கடலோரத்தில் மூழ்கிற்று. தீமூட்டி போதாதபொழுது சவரத் தூரிகை, சீப்பு, கத்தரிக்கோல் எனக் கிடைத்தவையெல்லாம் பதிலாயின. தோட்டாவின் வெற்றுறையில் செருகிய பென்சிலும் வழங்கப்பட்டது. நத்தார்ப் பரிசாகத் தோட்டாவுறையைப் பெற்றவன் அதனை எவ்வாறு நோக்கினானோ!

மொத்தம் 26 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. நிதியத்தின் பணி 1920 வரை நீடித்தது. புகையிலை தீர்ந்தபின் பலர் வெறும் பெட்டியை வீட்டுக்கு அனுப்பினர். அது பொத்தான்களும் கடிதங்களும் பதக்கங்களும் வைக்கும் பேழையாயிற்று. போர்க் கைதிகளுக்குரியவை அவர்கள் விடுதலையாகும் வரை பாதுகாக்கப்பட்டன. 1914இல் மாண்டோர்க்குரியவை அவர்தம் மனைவியரிடமோ பெற்றோரிடமோ ஒப்படைக்கப்பட்டன.