செந்நிற மருந்தும் இதயக் கணக்கும்

தெலுக் பங்லிமா காராங்கிலோ கிள்ளானிலோ வாழும் பெண்ணொருத்திக்கு மார்பகப் புற்றுநோய்க்கென ஏற்றப்படும் செந்நிற மருந்தின் பிறப்பிடம் இத்தாலிய மண்ணாகும். காஸ்டெல் டெல் மொன்டே கோட்டையருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரே அதன் மூலம். அதன் திரிந்த வகையிலிருந்து ஃபார்மித்தாலியா நிறுவனத்தார் பிரித்தெடுத்த டாக்ஸோரூபிசின் 1969இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது; ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் எனவும் வழங்கலாயிற்று. பெயர் அழகுதான், ஆனால் கட்டியைக் கரைத்த அம்மருந்தே இதயத் தசையையும் நலிவித்தது. சிலருக்கு ஆண்டுகள் பல கழிந்தும் மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் தோன்றின.

முதற்காப்பாக அமைந்தது புதுமருந்தன்று, கணக்கே. 1979இல் வான் ஹாஃப் குழுவினர் ஏறத்தாழ 4,000 நோயாளரின் குறிப்புகளை ஆராய்ந்து, ஊசிதோறும் சேரும் மொத்த அளவு மிக மிகத் தீங்கும் மிகுமெனக் காட்டினர். உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராமில் நூற்றுக்கு 3 பேர். 550இல் 7 பேர். 700இல் 18 பேர். 2003இல் வெளிவந்த ஆய்வோ 550க்கே 26 பேர் என்றது!

இலண்டனில் முதலிற் புற்றுநோய் மருந்தாக ஆராயப்பட்ட டெக்ஸ்ராஸோக்ஸேன், இதயக் காப்பாக 1995இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அதுவும் நோய் பரவி, 300 மில்லிகிராம் பெற்றுவிட்ட பெண்டிர்க்கே. இன்றும் மருத்துவர் இதயத்தை எதிரொலிப் படமெடுத்துப் பார்ப்பதோடு அக்கணக்கையும் கூட்டியே வருகின்றனர். மருத்துவமனை மாறும் பெண் தான் பெற்ற மொத்த அளவை எழுதி வாங்கிச் செல்லாவிடின், அடுத்த மருத்துவர் எந்த எண்ணிலிருந்து கூட்டத் தொடங்குவார்?