திருக்கடையூர் போய் வந்தாச்சு... மூன்று நாள் விருந்துக்குப் பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவது எப்படி? முழு விவரம்

மணிவிழா நல்லபடியாக முடிந்தது. வேன் வீட்டு வாசலில் வந்து நின்றாச்சு. பை நிறைய லட்டு, முறுக்கு, அதிரசம். அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் இரண்டு நாள் மாத்திரை அப்படியே கிடக்கிறது. மறுநாள் காலையில் எடை மெஷினில் ஏறினால் 2 கிலோ கூடுதல். உடனே ஒரு சபதம்: "இன்னையிலிருந்து ராத்திரிச் சாப்பாடே கிடையாது!"

திருக்கடையூர் போய் வந்த பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. இதில் விருந்தைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது அந்தக் கடைசி வரி சபதத்தைத்தான். ஏன்? வழக்கமான சாப்பாட்டுக்கு எப்படித் திரும்புவது? விரிவாகப் பார்க்கலாம்.

திருக்கடையூர் பயணத்தில் என்ன ஸ்பெஷல்?

மயிலாடுதுறை மாவட்டத்தில், தரங்கம்பாடிக்கு அருகில் இருக்கிறது திருக்கடையூர். அமிர்தகடேஸ்வரர், அபிராமி அம்மன் கோயில் கொண்ட தலம். மார்க்கண்டேயனுக்காக எமனை சிவபெருமான் உதைத்த இடம் என்பது தலபுராணம். அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று. ஆயுள் வேண்டி வருகிற தலம் என்பதால் 60 வயதுக்கு சஷ்டியப்தபூர்த்தி, 70-க்கு பீமரத சாந்தி, 80-க்கு சதாபிஷேகம் என்று தம்பதிகள் குடும்பத்தோடு வருகிறார்கள்.

மற்ற சுற்றுலாக்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே பயணத்தின் நாயகன், நாயகிக்கே வயது 60, 70, 80. அவர்களில் பலர் ஏற்கெனவே சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து, 2023-ல் வெளியான இண்டியாப் ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு.

மூன்று நாளில் என்ன மாறுகிறது?

விடியற்காலையில் எழுந்து கலசபூஜை, ஹோமம், அபிஷேகம், மாலை மாற்றல். எல்லாம் முடிந்து இலையில் உட்காரும்போது டிபன் நேரம் தள்ளிப்போயிருக்கும். கேசரி, பொங்கல், வடை, இட்லி, நடுவில் இரண்டு டம்ளர் டிகிரி காபி. மதியம் பருப்பு, நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், அப்பளம், பாயசம், இன்னொரு இனிப்பு. இத்துடன் வைத்தீஸ்வரன்கோயில், பூம்புகார், தரங்கம்பாடி கோட்டை என்று வேன் பயணம். வழியில் பஜ்ஜியும் டீயும்.

இதில் நான்கு விஷயங்கள் ஒன்றாகச் சேர்கின்றன:

• அரிசியும் இனிப்பும் கூடுகின்றன. காய்கறியும் கீரையும் குறைகின்றன.
• அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு வழியாக உப்பு ஏறுகிறது.
• சாப்பாட்டு நேரம் மாறுவதால் மாத்திரை நேரமும் மாறுகிறது, சில வேளை விட்டும்போகிறது.
• வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று பயந்து பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். விளைவு மலச்சிக்கல், தலைசுற்றல், சோர்வு.

கூடின 2 கிலோ முழுக்கக் கொழுப்பா?

இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர உடலின் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி வேண்டும். அப்படியென்றால் 2 கிலோவுக்கு 15,000 கலோரிக்கு மேல் ஆகும். மூன்றே நாளில், தினமும் தேவையைத் தாண்டி 5,000 கலோரி கூடுதலாகச் சாப்பிடுவது பெரும்பாலானோருக்கு முடியாத காரியம்.

அப்போ அந்த எடை எங்கிருந்து வந்தது? சாப்பிட்ட மாவுச்சத்தின் ஒரு பகுதி கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதிகப்படி உப்பும் உடலில் நீரைத் தேக்கும். குடலில் இன்னும் வெளியேறாத உணவும் எடை காட்டும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இதில் பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும்.

அதற்காக "தானா போயிடும்" என்று அசட்டையாகவும் இருக்க முடியாது. 2000-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பண்டிகைக் காலத்தில் கூடும் எடை சராசரியாக அரை கிலோவுக்கும் குறைவுதான் என்று கண்டது. ஆனால் கூடிய அந்தக் கொஞ்ச எடையும் அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. வருஷா வருஷம் சேர்ந்து தொப்பையாவது இந்தக் கொஞ்சம்தான். ஆகவே மூன்று நாள் விருந்தைவிட, அது முடிந்த பிறகும் பதினைந்து நாள் தொடர்கிற "இன்னும் ஒரே ஒரு லட்டு"தான் கவனிக்க வேண்டிய விஷயம்.

பட்டினி கிடந்தால் சரியாகிவிடுமா?

ஆரோக்கியமான இளைஞர் ஒருவேளை சாப்பிடாமல் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சுகர் மாத்திரை எடுக்கும் 60, 70 வயதுக்காரர் விஷயம் வேறு.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இவற்றை எடுத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்த்தால், நள்ளிரவிலோ அதிகாலையிலோ சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் எந்த மாத்திரை எந்த வகை என்று வீட்டில் பலருக்குத் தெரியாது என்பதுதான் பிரச்னை. சீட்டைப் பார்த்து மருந்துக்கடையிலோ மருத்துவரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தாழ்சர்க்கரையின் அறிகுறிகள்: திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் குழப்பம். வயதானவர்களிடம் குழப்பமும் தூக்கக் கலக்கமும் மட்டுமே தெரியலாம். வீட்டில் உள்ளவர்கள் "பயணக் களைப்பு" என்று விட்டுவிடுவார்கள்.

என்ன செய்யணும்? நினைவோடு இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. சரியானதும் இட்லி போல ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. பயணத்தில் விட்டுப்போன மாத்திரைகளை "சேர்த்துப் போட்டுடலாம்" என்று ஒரே வேளையில் விழுங்குவது. இது கூடவே கூடாது. அடுத்த வேளை மாத்திரையை வழக்கமான அளவில், வழக்கமான நேரத்தில் தொடர்ந்தால் போதும்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு வாரம்: என்ன சாப்பிடலாம்?

முதல் நாள்: புதிதாக எதையும் செய்ய வேண்டாம். மூன்று வேளையும் அதனதன் நேரத்துக்குச் சாப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ஒரு காய், மோர். இரவில் எளிமையாக, கொஞ்சம் சீக்கிரமாக. தண்ணீர் வழக்கம்போல.

2, 3-ம் நாள்: தட்டின் கணக்கை மாற்ற வேண்டிய நேரம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒரு நாள் உணவில் பாதித் தட்டு காய்கறி, கீரை, பழங்களாக இருக்க வேண்டும் என்கிறது. டெல்டா வீடுகளில் இதற்குத் தேட வேண்டியதே இல்லை. வாழைத்தண்டுப் பொரியல், வாழைப்பூ உசிலி, முருங்கைக்கீரை, புடலங்காய்க் கூட்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மலச்சிக்கலுக்கும் இதுவே மருந்து.

4, 5-ம் நாள்: பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், முட்டை, மீன் என்று புரதத்தைக் கூட்டலாம். மீனைப் பொரிப்பதற்குப் பதில் குழம்பு வைக்கலாம். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியாகச் சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் வேகம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

6, 7-ம் நாள்: இப்போது எடை பாருங்கள். காலையில், வெறும் வயிற்றில். முதல் நாள் காட்டிய எண்ணைவிட இதுதான் நம்பகமானது.

ஏழு நாளும் ஒன்று மாறக் கூடாது: சாப்பிட்ட பிறகு 10 முதல் 15 நிமிட நடை. மொட்டை மாடியோ தெருவோ, எங்கே என்றாலும் சரி.

காபியும் உப்பும்: ஒரு சின்னக் கணக்கு

சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு சுமார் 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம். கல்யாண வீட்டுப் பழக்கத்தில் தினமும் 4 காபி, ஒவ்வொன்றுக்கும் 2 ஸ்பூன் என்றால் 32 முதல் 40 கிராம். இனிப்பைத் தொடாமலேயே கணக்கு தாண்டிவிட்டது! எனவே முதலில் குறைக்க வேண்டியது லட்டு அல்ல, மூன்றாவது, நான்காவது காபி.

உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். சமையலில் போடுவது, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் சேர்ந்துதான் இந்த அளவு. பழைய சோறும் நல்ல காலை உணவுதான். ஆனால் அதற்குத் தொட்டுக்கொள்ள மோர்மிளகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் இருந்தால் பிரஷர் உள்ளவர்களுக்கு நல்லது.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறினால் போதுமா?

டெல்டாவுக்குப் போய் வருபவர்கள் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் அரிசியை வாங்கி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. திருத்துறைப்பூண்டி பகுதியில் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்துப் பரப்பிய 'நெல்' ஜெயராமனின் உழைப்புக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 2018-ல் அவர் மறைந்த பிறகும் அந்த ரகங்கள் வயல்களில் தொடர்கின்றன.

தவிடு நீக்காத இந்த அரிசிகளில் நார்ச்சத்து அதிகம். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். ஆனால் இதுவும் அரிசிதான், மாவுச்சத்துதான். "பாரம்பரிய அரிசிதானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் சுகர் ஏறத்தான் செய்யும். கஞ்சியாகவோ இட்லியாகவோ வாரத்தில் சில நாள் தொடங்கி, அளவைக் கவனித்துச் சாப்பிடலாம்.

கொண்டு வந்த பட்சணத்தை என்ன செய்வது?

தூக்கிப் போட மனசு வராது. வேண்டியதும் இல்லை. வந்த அன்றே அக்கம்பக்கத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம். மீதியைச் சாப்பாட்டு மேசையில் வைக்காமல், கண்ணில் படாத டப்பாவில் வைப்பது பலன் தரும். பார்க்கிற போதெல்லாம் கை போகும் என்பது எல்லா வீட்டுக்கும் பொது. இனிப்பு சாப்பிட வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டோடு பாதி லட்டு. மாலையில் வெறும் வயிற்றில் வேண்டாம்.

பால் இனிப்பு, தேங்காய் போளி, தேங்காய் சேர்த்த சாதங்கள் வேனின் வெக்கையில் சீக்கிரம் கெடும். வாசனையோ சுவையோ மாறியிருந்தால், பிரசாதமே என்றாலும் சாப்பிடக் கூடாது.

டீடாக்ஸ் ஜூஸ் குடிக்கலாமா?

தேவையில்லை. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்கின்றன. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குக் கீரைச்சாறு, அதிக இளநீர் போன்றவை உடலில் பொட்டாசியத்தைக் கூட்டி ஆபத்தில் முடியலாம். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் இவற்றைத் தொடக் கூடாது.

எப்போது மருத்துவரிடம் போகணும்?

• இரண்டு மூன்று நாளில் எடை கூடியதோடு கால் வீக்கமோ மூச்சிரைப்போ இருந்தால். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதை விருந்தின் விளைவு என்று விட்டுவிடக் கூடாது.
• சர்க்கரை 300 மில்லிகிராமைத் தாண்டினால், அல்லது அதிக தாகம், வாந்தி, வயிற்றுவலி சேர்ந்து வந்தால்.
• நீண்ட வேன் பயணத்துக்குப் பிறகு ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் இருந்தால்.
• ஒருமுறையாவது தாழ்சர்க்கரை வந்திருந்தால்.

மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனையை மூன்று நாள் விருந்து பெரிதாக மாற்றிவிடாது. ஒரு நாள் கூடுதலாகக் காட்டியது என்பதற்காக மாத்திரை அளவை நாமாகவே கூட்டக் கூடாது. மாத்திரை தீர்ந்திருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெறலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும்.

இனிமேல்தான் திருக்கடையூர் போகப் போறீங்களா?

பயணத்துக்கு முன்பே சமையல்காரரிடம் சொல்லி ஒரு பொரியலைக் கூட்டி, ஓர் இனிப்பைக் குறைக்கலாம். விழா நாளில் டிபன் தாமதமாகும் என்பதால், காலை மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். மாத்திரையும் சர்க்கரைப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் வேனின் மேலே கட்டிய பெட்டியில் இருந்தால் பயனில்லை, கைப்பையில் இருக்கட்டும். அம்மா, அப்பாவுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டால் போதும். விழா வேலையில் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால், யாருமே பார்க்க மாட்டார்கள்.

(இந்தக் கட்டுரையில் உள்ளவை பொதுவான தகவல்கள். மருந்து, உணவு முறையில் மாற்றம் செய்யும் முன் மருத்துவரின் ஆலோசனை அவசியம்.)