எங்க ஊர் ஆர்கன்

எலக்ட்ரானிக் இசைன்னு பேச்சு வந்தா நாம எல்லாரும் 1986 'புன்னகை மன்னன்'ல ஆரம்பிப்போம். விவரமானவங்க அகமதாபாத்துக்குப் போவாங்க. அங்க தேசிய வடிவமைப்புக் கழகத்துல 1969-ல அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைஸரை நிறுவிக் கொடுத்தார். அதுல பதிவான ஒலிநாடாக்களை ரொம்ப வருஷம் கழிச்சு பால் பர்கஸ் தேடி எடுத்தார். 2023-ல ஆல்பமாவும் வந்துச்சு.

எங்க பாண்டிச்சேரியை யாரும் சொல்றதில்ல. அதான் இந்தப் பதிவு.

சுனில் பட்டாச்சார்யா (1920-1998). வங்காளத்துக்காரர், அரவிந்தர் ஆசிரமப் பள்ளி ஆசிரியர், சிதார் வாசிப்பவர். புத்தாண்டுக்காக ஸ்ரீ அன்னை ஆர்கன் வாசிப்பது ஆசிரம வழக்கம். 1965-லேருந்து அந்தப் புத்தாண்டு இசை சுனில் பொறுப்புக்கு வந்தது. ஆர்கன், பின்னாடி சிந்தசைஸர், நம்ம நாட்டு வாத்தியங்கள், குரல்கள் எல்லாத்தையும் நாடாவில் சேர்த்தார். அரவிந்தரின் 'சாவித்ரி'யை அன்னை வாசித்த பதிவுகளுக்கும் இசை அமைத்தார். 1973-ல அன்னை மறைந்த பிறகும் அந்த வேலை நிற்கவில்லை.

'இவர்தான் முதல்'னு சண்டை போட வரலைங்க. ஆர்கனும் மூக்கும் ஒண்ணில்ல, அது எனக்கும் தெரியும். என் ஆதங்கம் வேற. அகமதாபாத்ல செஞ்சதுக்குப் பேரு 'பரிசோதனை இசை'. இங்க செஞ்சதுக்கு 'தியான இசை'ன்னு பேர் ஒட்டி, ஊதுபத்தி பக்கத்துல வெச்சுட்டாங்க. கேட்டுப் பாருங்க: ஒரு ராகம் பிடிபடற மாதிரி வரும், பேர் சொல்றதுக்குள்ள நழுவிடும். தாளத்தைத் தொடையில தட்டப் போனா கை அந்தரத்துல நிக்கும். சிதார் தெரிஞ்ச ஆளு, தெரிஞ்சே அதைத் தாண்டிப் போயிருக்கார். (சில இடங்கள் ரொம்ப இழுவை. அதையும் சொல்லிடறேன்.)

முத்தியால்பேட்டை வீட்டுல அப்பா ஒரு கேசட் வெச்சிருந்தார். சின்ன வயசுல எனக்கு அது தூக்கம் வர்ற பாட்டு. போன மாசம் லேப்டாப்புல ஏத்தலாம்னு எடுத்தா, நாடா முழுக்க பூஞ்சை. ஸ்பிரிட் தொட்டுத் தொடைச்சு, ரெண்டு ராத்திரி உட்கார்ந்து ஏத்தினேன். ஏ பக்கம் போயே போச்சு. பி பக்கத்துல பதினோரு நிமிஷம் தேறிச்சு. அப்பா கேட்டுட்டு, "இதுக்கு முன்னாடி ஒண்ணு வருமே, அது எங்கடா?"ன்னார்.