'லீஷ்': அவிழ்த்துவிடப் பிறந்த சொல்

நாயை நடக்கக் கூட்டிப் போகிறவர்கள் கையில் பிடித்திருக்கும் வாருக்கு ஆங்கிலத்தில் 'லீஷ்' என்று பெயர். அமெரிக்காவில் இந்தச் சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலும் 'லீட்' என்பார்கள். நாய் ஓடிவிடாமல் பிடித்து வைப்பதுதான் லீஷின் வேலை. ஆனால் அந்தச் சொல்லின் மூலப் பொருள் என்ன தெரியுமா? 'தளர்த்து' என்பது!

லத்தீனில் 'லக்ஸாரே' என்றால் தளர்த்துவது. அதிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியில் 'போக விடு' என்ற பொருளில் ஒரு வினைச்சொல் வந்தது. வேட்டை நாயைப் பிடிக்கும் வாரின் பெயர் அதிலிருந்து பிறந்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. வேட்டை அரசர்களின், பிரபுக்களின் பொழுதுபோக்கு என்பதால் வேட்டைச் சொற்களும் கூடவே வந்தன. லீஷ் ஆங்கிலத்தில் தென்படுவது சுமார் 1300-லிருந்து.

கட்டி வைக்கும் வாருக்கு அவிழ்ப்பதன் பெயர் ஏன்? வேட்டைக்காரன் நாயைப் பிடித்து வைப்பதே விடுவதற்காகத்தான். இரை கண்ணில் படும்வரை பிடி, பட்டதும் விடு. எப்போது விடுவது என்பதில்தான் திறமை இருந்தது.

இந்தச் சொல்லுக்கு 'மூன்று' என்ற பொருளும் உண்டு. வேட்டை நாய்கள் மூன்று சேர்ந்தால் ஒரு லீஷ். ஷேக்ஸ்பியர் தன் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதல் பாகத்தில் மதுக்கடைப் பணியாட்கள் மூவரைக் கேலியாக இப்படித்தான் எண்ணுகிறார்.

இங்கிலாந்தில் முயலைத் துரத்த இரண்டு கிரேஹவுண்டு நாய்களை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடும் போட்டிகள் நடந்தன. அவற்றில் புகழ்பெற்ற வாட்டர்லூ கோப்பை 1836-ல் தொடங்கியது. 2004-ல் இயற்றப்பட்ட வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய போட்டிகள் நின்றன. முயல்கள் பிழைத்தன.

இன்று அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பொது இடத்தில் நாய்க்கு லீஷ் கட்டாயம். குழந்தைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் அது பாதுகாப்பு. அதே நாட்டில், நாயை மரத்திலோ வேலியிலோ நாள் முழுக்கக் கட்டி வைப்பதற்கு கலிஃபோர்னியா 2007 முதல் தடை விதித்திருக்கிறது. தற்காலிகமாகக் கட்டினாலும் ஒரு நாளில் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

ஆக, வார் அதேதான், பெயரும் அதேதான். அன்று நாயை விட்டால் முயலுக்கு ஆபத்து; இன்று விடாமலே வைத்தால் நாய்க்கே துன்பம். எவ்வளவு நேரம் பிடிப்பது, எப்போது விடுவது என்ற பழைய கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை.